சலாதுப் பாத்தியில் நான் மறைத்த உப்பு

இதை எழுதிவிட வேண்டும் என்று எனக்கு முதன்முதலில் தோன்றியபோது என் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. இன்று அவள் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். நடுவில் மூன்று நோட்டுப் புத்தகம் வாங்கினேன். முதல் இரண்டிலும் மேலே 'சிவமயம்' என்று எழுதியதோடு சரி, பேனா அதற்குக் கீழே இறங்கவில்லை. சாமி சம்பந்தப்பட்ட விஷயம். உள்ளதை எழுதினால் சாமியைக் குறைத்துப் பேசியதாக ஆகிவிடுமோ என்று ஒரு பயம். எழுதாமல் கண்ணை மூடினால் ஒரு பொய்யைச் சாமி பேரில் விட்டுப் போனதாக ஆகுமே என்று இன்னொரு பயம். வயசு ஏற ஏற இரண்டாவது பயம்தான் பெரிதாகிவிட்டது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் போன புதிது. தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில், கடற்கரைக்குச் சற்று உள்ளே, அரைக் காணி மணல் பூமியைக் குத்தகைக்கு எடுத்து நானும் என் மனைவியும் தோட்டம் போட்டிருந்தோம். முள்ளங்கி, கொத்தமல்லி, சிறுகீரை. மார்கழி, தை, மாசிக் குளிரில் மட்டும் சலாது. சலாது என்றால் வெள்ளைக்காரர்கள் வேகவைக்காமல் பச்சையாகவே தின்கிற இலை. கோஸ் மாதிரி சுருண்டு வரும், ஆனால் இலை காகிதம் போல மெல்லிசு, கிள்ளினால் பால் வரும். முதல் வருஷம் மிஞ்சிப்போனதை என் மனைவி பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தாள். ஆளுக்கு ஒரு வாய் வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"இத்தத் துன்றதுக்கா அவன் கப்பலேறி வந்தான்?" என்றாள்.

ராயபுரத்து பாய் ஒருவர்தான் எங்களிடம் சலாது எடுத்தார். துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களுக்குக் காய்கறி, முட்டை, கறி எல்லாம் சப்ளை செய்கிறவர். வெள்ளென ஜட்காவில் வருவார். நாங்கள் வெயில் படுவதற்கு முன்பே அறுத்து, தண்ணீரில் முக்கி, மூங்கில் கூடையில் ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்திருப்போம். அவர் ஒரு இலையைக் கிள்ளிக் காதருகே வைத்து ஒடிப்பார். சத்தம் வந்தால்தான் எடுப்பார்.

வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு துண்டு நிலம். அதை ஒரு பெண்பிள்ளை தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். அவள் புருஷன் சரக்குக் கப்பலில் கலாசி. போனால் எட்டு மாதமோ பத்து மாதமோ, ஆள் வரமாட்டான். எப்போதாவது ஒரு கடிதாசி வரும். அவளும் பாய்க்குத்தான் சலாது கொடுத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன வேலை இருந்தாலும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் குளித்து, எங்கள் சிவன் கோயிலுக்குப் போய் அவன் பேருக்கு ஒரு அகல் ஏற்றிவிட்டு வருவாள்.

"அந்த வெளக்கு எரிஞ்சிகினு இருக்கச் சொல்ல அவரு கப்பலு முங்காது, அண்ணாத்தே" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். சிரிப்பு வாயில்தான். மழையானாலும் காய்ச்சலானாலும் அதுவரை அவள் அந்த விளக்கைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் மண்ணுக்கு எத்தனை போட்டாலும் போதாது. ஊற்றின தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், போட்ட சத்தும் கூடவே இறங்கிவிடும். மணலிப் பக்கத்திலிருந்து வண்டியில் சாணி எரு வரும். அது போதாதவர்கள் கடையில் வெள்ளை உரம் வாங்கிப் போடத் தொடங்கியிருந்தார்கள். கப்பலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற உப்பு அது. பார்த்தால் சர்க்கரை மாதிரி இருக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரி கடற்கரையில் மீன் கழிவு அள்ளிவந்து போடுவாள், அதோடு இந்த உப்பும் கொஞ்சம் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அதில் இஷ்டமில்லை.

காரணம், எனக்கு வேறொரு எண்ணம் இருந்தது. கோயிலில் சாத்திக் களைந்த நிர்மால்ய மாலைகளை மேற்கு மதிலோரமாகக் குவித்துப் போட்டிருப்பார்கள். ஆடு மேயும், போகிறவர் வருகிறவர் காலில் மிதிபடும். சாமி கழுத்தில் கிடந்த பூ இப்படிக் கிடக்கிறதே என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எடுத்துப் போய்ப் பத்திரமாகப் புதைக்கலாம் என்றால், சிவன் சொத்து குலநாசம் என்று சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தை குறுக்கே நின்றது. கடைசியில் குருக்களையே கேட்டேன்.

அவர் யோசித்துச் சொன்னார். "கால் படாத இடமாப் பாத்துக் குழி வெட்டிப் போடும். மண்ணாகிற வரைக்கும் அது ஸ்வாமியோடது, தொடப்படாது. மண்ணாயிட்டா அப்புறம் மண்ணுதான். உம்ம இஷ்டம்."

கிணற்றுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் ஆள் உயரக் குழி வெட்டினேன். தினமும் ஒரு கூடை மாலை கொண்டுவந்து போட்டு, சாணிக் கரைசல் தெளித்து, சருகு போட்டு மூடுவேன். போடும்போது செருப்பைக் கழற்றிவிடுவேன். ஆனால் எனக்குப் பொறுமை போதவில்லை. நாற்பது நாளில், நாரும் நூலும் கண்ணுக்குத் தெரிகிற பக்குவத்திலேயே வாரி எடுத்துச் சலாதுப் பாத்தியில் கலந்துவிட்டேன். நட்ட நாற்றெல்லாம் பத்து நாளில் மஞ்சள் பூத்து அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா நைனா, சலாது கேட்டா மஞ்சக்காமாலை புடிச்ச எலையக் குடுக்குறே? கப்பல்காரன் இத்த மருந்துக்கடைக்கு அனுப்பிடுவான்" என்றார் பாய்.

அரைகுறையாக மக்கினது, பயிருக்குப் போக வேண்டியதைத் தானே தின்றுவிடுகிறது என்று அன்றைக்கு அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். இதை நான் தெரிந்துகொண்டேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் செய்ததற்கு, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அடுத்த வருஷம் மழை விட்டதும் பாத்தி போட்டேன். குழியின் அடியில் கிடந்தது ஓரளவு மக்கியிருந்தது, அதையும் போட்டேன். ஆனால் பாய்க்குப் போன வருஷத்து மஞ்சள் இலை மறக்கவில்லை. இந்தத் தரமும் அப்படி என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். என் மச்சான் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டினதைப் பெருக்கி எடுத்துப் போகச் சொன்னார்கள் என்று ஒரு கிரசினாயில் தகரம் நிறைய வெள்ளை உரம் கொண்டுவந்து வைத்தான். இரண்டு நாள் அதைத் தொடாமல் இருந்தேன். மூன்றாம் நாள் பகல், பக்கத்துத் தோட்டத்துக்காரி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு கை அள்ளிப் பூவாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். அதுவும் எப்படி, திருடன் மாதிரி வேலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. அப்புறம் வாரம் ஒரு தரம்.

எட்டாம் நாள் இலைக்கு ஒரு கறுப்புப் பச்சை வந்தது. போகப் போக, இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தாலும் அடங்காத அளவு சலாது. குருக்கள் அந்த வழியாகப் போனவர் நின்று பார்த்தார்.

"என்ன ஐயா போட்டீர்?"

"பூ உரந்தாங்க, சாமி" என்றேன்.

பூ உரமும் போட்டிருந்தேன் அல்லவா, முழுப் பொய் இல்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நிர்மால்யத்தோட மகிமையைப் பார்த்தேளா" என்று கோயிலில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பெண்கள் வந்து குழியோரத்துக் கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். அதற்கடுத்த வாரம் கற்பூரம். ஒரு அம்மாள் குழி மண்ணை ஒரு சிட்டிகை எடுத்துப் பிள்ளை நெற்றியில் பூசிக்கொண்டு போனாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தடுக்கவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

என் மனைவிக்கு எல்லாம் தெரியும். "தகரத்த எங்கியாவது உள்ள வையுங்க. சாமி கும்புடறவங்க கால்ல தட்டப் போவுது" என்று மட்டும் சொன்னாள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரி ஒருநாள் வேலியோரம் வந்து நின்றாள். கையில் காலிக் கூடை.

"அண்ணாத்தே, எனுக்கும் ஒரு நாலு கூடை குடு. இந்தக் கடை உப்பெல்லாம் வுட்டுடறேன். சாமி பூவுலயே போட்டுக்கறேன். அவரு வர்றதுக்குள்ள உன்னுது மாதிரி எனுக்கும் ஜோரா வந்துச்சின்னா, அவருக்கும் நல்லதுதானே?"

குழியின் அடியில் மக்கினது தீர்ந்துபோயிருந்தது. மேலே இருந்தது ஒரு மாதத்துப் பூ. சாமந்தி நிறம்கூட மாறவில்லை. அது மண்ணாகவில்லை, சாமியுடையது, பாத்தியில் போட்டால் மஞ்சளடிக்கும். மூன்றும் எனக்குத் தெரியும். இதைச் சொன்னால், பின்னே உன்னுடையது எப்படி வந்தது என்று கேட்பாள். நான் கூடையை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். என் மனைவி கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது நீங்கள் நினைப்பதுதான். அவள் பாத்தி முழுக்க மஞ்சள் அடித்துவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் என்னுடையது பச்சைப் பசேல் என்று நிற்கிறது, அந்தப் பக்கம் அவளுடையது நோயாளி மாதிரி. பூ ஒன்றுதான், குழி ஒன்றுதான், கை மட்டும்தான் வேறு. அவள் என்ன நினைப்பாள்? எங்களைப் போன்றவர்கள் வேறு என்ன நினைப்போம்?

மார்கழி போய்த் தை வந்தது. வேலியோரம் அவள் பேச்சுச் சத்தம் குறைந்துவிட்டது. நானும் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தேன்.

மாசி பிறந்து சில நாள். பாய் வண்டியை விட்டு இறங்கினவர் கூடையைத் தொடவில்லை.

"நைனா, போன மாசம் போன கப்பலு திரும்பி வந்திருக்கு. பட்லரு என்னெப் புடிச்சிக் கத்துறான். உன் சலாது மூணாம் நாளே கொழகொழன்னு பூட்ச்சாம். கடல்ல கொட்டிட்டானாம். பாக்கச் சொல்ல பயில்வான் மாதிரி கீது, உள்ள பாத்தா ஒண்ணும் இல்ல. இன்னா போட்டே, உண்மையச் சொல்லு. உப்புதானே?"

நான் தலையைக் குனிந்தேன்.

"சரி வுடு. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. உப்பு போடாதவன் எவன் கீறான் இப்போ?" என்றவர் வேலிப் பக்கம் கண்ணைக் காட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா அந்தத் தங்கச்சி கோயிலுக்குப் போறத நிறுத்திகினு ஆறு வாரம் ஆவுது. தெரியுமா உனுக்கு? நேத்து எங்கிட்ட அழுதுச்சி. மீன் கழிவு அள்ளின கையாம், அந்தக் கையால சாமி பூவத் தொட்டுட்டாளாம், சாமி வாணாம்னு தள்ளிட்டாராம். உள்ள போயி வெளக்கு வெச்சா அவ புருசனுக்கு எதுனா ஆயிடுமோன்னு பயந்துகினு கீது. கடுதாசியும் வர்ல. சலாது கெடக்குது நைனா, அந்தத் தங்கச்சிய மொதல்ல பாரு."

அவர் தொழுகிற சாமி வேறு. என் சாமி விஷயத்தில் நான் செய்ய வேண்டியதை அவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. என் மனைவியிடம் போனேன். "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும். நீங்களா கேப்பீங்கன்னு பாத்துகினு இருந்தேன். இந்த வெள்ளிக்கெழமையும் கேக்கலைன்னா நானே போயிச் சொல்றதாத்தான் இருந்தேன்" என்றாள்.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். சாயங்காலம் ஐந்தாறு பெண்கள் குழியண்டை கற்பூரத்தோடு நின்றிருந்தார்கள். அவள் தன் தோட்டத்தில் குனிந்து மஞ்சளடித்த சலாதுச் செடிகளைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தாள். நான் உள்ளே போய்த் தகரத்தைத் தூக்கிவந்து, குங்குமம் வைத்த அந்தக் கல் மேலேயே வைத்தேன்.

"தங்கச்சி, இப்படி வா" என்று கூப்பிட்டேன். "எல்லாரும் கேட்டுக்குங்க. என் சலாது சாமி பூவால மட்டும் வரல. இதைப் போட்டுத்தான் வந்துச்சு."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. ஒரு அம்மாள் விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, தூ என்று துப்பினாள். "ஐயே, உப்பு! அப்போ இத்தினி வாரமா நாங்க உப்புக்கா கற்பூரம் ஏத்திகினு இருந்தோம்?"

"ஏம்மா, பூவும் உள்ள கீதுல்ல, போவட்டும்" என்றாள் இன்னொருத்தி. யாரோ சிரித்தார்கள். யாரோ திட்டினார்கள். அதெல்லாம் என் காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனுக்குக் குடுத்தியே, மேல் பூவு. அத்தப் போட்டா மஞ்சளாயிடும்னு அப்பவே தெரியுமா உனுக்கு?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"தெரிஞ்சிதான் கூடைய ரொப்பினியா?"

"ஆமாம்."

அவள் கையிலிருந்த செடியைக் கீழே போட்டாள். "எலை போனாப் போவுது. ஆறு வெள்ளிக்கெழமை, அண்ணாத்தே. நடுக்கடல்ல கீறாரு. ஆறு வெள்ளிக்கெழமை அவருக்கு வெளக்கு இல்ல. என் கையப் பாத்துப் பாத்து நானே அருவருத்துகினு இருந்தேன். சோறு பெசைய முடியல இந்தக் கையால."

அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. மெல்லத்தான் சொன்னாள்.

என் மனைவி உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தையும் திரியையும் எடுத்துவந்தாள். "வா, மொகம் கழுவிகினு போவலாம்" என்று அவளை அழைத்துக்கொண்டு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். கோயில் வாசலில் அவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். என் மனைவி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். நான் வெளியிலேயே நின்றுவிட்டேன்.

விளக்கு ஏற்றிவிட்டு வெளியே வந்தவள் என் எதிரில் வந்து நின்றாள். "எங்கிட்ட சொன்னே இல்ல, அத்த உள்ள போயி சாமிகிட்டயும் சொல்லு. அதே மாதிரி. கொறைக்காம."

போனேன். கருவறைக்கு எதிரே நின்று, உதடு அசையச் சொன்னேன். தகரம், பூவாளி, குருக்களிடம் சொன்ன பாதிப் பொய், பிள்ளை நெற்றியில் பூசின மண், அவளுடைய கூடை. எதையும் குறைக்கவில்லை. குருக்களிடமும் சொன்னேன். அவர், "மண்ணாகிறதுக்கு முன்னாடி எடுத்தீரே, அதுதான் ஐயா தப்பு" என்றார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பங்குனியில் கடிதாசி வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, என் மனைவிக்கும் தெரியாது. என்னிடம்தான் கொண்டுவந்தாள். ஆள் சுகமாக இருந்தான். ஏதோ துறையில் எந்திரம் பழுதாகி ஒரு மாதம் நின்றுவிட்டார்களாம், அதனால்தான் எழுதவில்லையாம். நான் படித்து முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெளக்கு இல்லாமயும் மொதந்துகினுதான் இருந்திருக்கு, பாத்தியா" என்றாள். எத்தனையோ நாளைக்கப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அப்படிச் சொன்னவள் அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை.

அந்த வருஷம் குழியை மூடிவிட்டு, பக்கத்தில் இன்னொன்று வெட்டினோம். ஒன்றில் பூ விழும்போது இன்னொன்று தூங்கும். ஆடி கழிந்ததும், மூடி வைத்த குழியை அவளை வைத்துக்கொண்டுதான் திறந்தேன். உள்ளே பூவும் இல்லை, நாரும் இல்லை. கறுப்பாக, உதிரியாக, முதல் மழை வாசனையோடு மண் இருந்தது. அவள் கையை விட்டு அள்ளிப் பார்த்தாள். முதல் கூடை அவள் பாத்திக்குப் போனது. மணலில் அதைக் கலந்தால் காலையில் ஊற்றின தண்ணீர் சாயங்காலம் வரை ஈரம் காத்தது. சலாது உப்புச் சலாதை விட ஒரு சுற்று சின்னது. ஆனால் பாய் ஒடித்துப் பார்த்தபோது சத்தம் வந்தது. ஆறாம் நாளும் இலை நின்றதாம், பட்லர் சொன்னானாம்.

உப்பு ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. பெருமழையில் மண் அலசிப்போன வருஷங்களில் ஒரு கை உப்பைத் தண்ணீரில் கரைத்து, இலையில் படாமல் வேரோரம் ஊற்றியிருக்கிறேன். அவளும் ஊற்றியிருக்கிறாள். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம், ஊற்றினோம் என்று சொல்லியே ஊற்றினோம்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், நான் யாரென்று தெரியாமல், என் கதையையே எனக்குச் சொன்னார். சாமி மாலையைப் புதைத்த இடத்தில் குடை அகலத்துக்குக் கீரை வந்ததாம், குழிக்குள் நாகம் காவல் இருந்ததாம். உப்பு அதில் இல்லவே இல்லை. எதிர் வரிசையில் ஒரு இளைஞர் அதெல்லாம் புரளி என்று மறித்தார். உப்புதான் வளர்த்தது, பூ உரம் எதற்கும் ஆகாது என்று ஒருத்தன் ஊரறிய ஒத்துக்கொண்டானாம். அவர் சொன்னதில் அந்தக் கறுப்பு மண் இல்லை. இரண்டு பேர் சொன்னதிலும் அவள் இல்லை. பாயசத்தை அப்படியே விட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து மூன்றாவது நோட்டை எடுத்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதானால் நாகத்தைச் சேர்க்காதீர்கள், உப்பை எடுத்துவிடாதீர்கள். நான் கூடையை நிரப்பிக் கொடுத்ததை, எனக்குச் சங்கடமாக இருக்குமே என்று தாண்டிப் போகாதீர்கள். அவள் இப்போது இல்லை. கோயில் வாசலில் நின்று அவள் எனக்குச் சொன்னதைத்தான் நான் உங்களுக்குச் சொல்கிறேன்: அதே மாதிரி, குறைக்காமல். அந்த ஆறு வெள்ளிக்கிழமையையும் சேர்த்து.